ஏழாம் எண் கண்ணாடி

ஊசியக்கா வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணாடி முதல் தடவை உடைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். 'டிக்' என்று ஒரு சத்தம், நகம் வெட்டுகிற சத்தம் அளவுக்குத்தான். பல்லி என்று நினைத்தாள். பின்னலை முடித்து, ரிப்பன் கட்டி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத் திரும்பியபோதுதான் பார்த்தாள். கண்ணாடியின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு. விரலை வைத்துத் தடவினாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் மேடு, அந்தப் பக்கம் பள்ளம்.

ஊசியக்கா என்பது அந்தக் கட்டடம் வைத்த பெயர். பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள். குழாய்களில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுபவள். கட்டடத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் அவள் கதவைத்தான் தட்டுவார்கள். தட்டிவிட்டு, ஊசியைப் பார்த்ததும் "காய்ச்சல் விட்டுடுச்சுக்கா" என்று நழுவுவார்கள்.

உடைந்தது முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை. நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம், இரண்டு விரல் அகலம், மெலிசான வெறும் சில்லு. சுவரில் இருந்த விரிசலின் மேல் குறுக்காக வைத்து, இரண்டு முனையையும் வெள்ளை மாவால் சுவரோடு ஒட்டியிருந்தார்கள். கட்டடம் முழுக்க இப்படிப் பதினான்கு. நகர அலுவலகத்திலிருந்து வந்த இளம் பொறியாளர் நான்கு மாதத்துக்கு முன் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி ஒட்டினார். ஒவ்வொன்றிலும் கறுப்பு மையால் எண்ணும் தேதியும் எழுதினார். இவர்களுடையது ஏழு.

"விரிசல் இருக்கிறது தப்பில்லைங்க. வயசான கட்டடம்னா இருக்கும்" என்று அவர் எல்லாரையும் முற்றத்தில் கூட்டி வைத்துச் சொன்னார். "அது வளருதாங்கிறதுதான் கேள்வி. நம்ம கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிக்கு வளையத் தெரியாது. சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் உடைஞ்சிடும். உடைஞ்சா அன்னைக்கே எனக்குப் போன் பண்ணிடுங்க. உங்க நல்லதுக்குத்தான்."

எல்லாரும் பூம்பூம் மாடு கணக்காகத் தலையாட்டினார்கள். அவர் பைக் தெருமுனை திரும்பியதும், தண்ணீர் மோட்டாருக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் பொறுப்பான மோட்டார் அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்.

"உடைஞ்சா சொல்லணுமாம்ல?" என்றார் தரைத் தளத்துத் தையல்காரர்.

"உடைஞ்சாத்தானே" என்றார் மோட்டார் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு சட்டென்று நின்றும் போனது.

ஏன் நின்றது என்று சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அந்தப் பகுதி முழுக்க ஓர் ஆலையுடையது. தொழிலாளிகளுக்குக் கட்டிய குடியிருப்புகளுக்குப் பெயர் வைக்கக்கூட ஆலை மெனக்கெடவில்லை. ஒன்றாம் வரிசை, இரண்டாம் வரிசை என்று எண்ணிக்கொண்டே போய்ப் பதினொன்றில் நிறுத்தியது. வீட்டுக்கு ஓர் அறை, ஓர் அடுக்களை. நீளமான பொது நடை. ஆள் ஏற முன்பக்கம் ஒரு படிக்கட்டு, குப்பை இறங்கப் பின்பக்கம் ஒரு படிக்கட்டு. தறிகள் நின்று இருபத்தைந்து வருடம் ஆயிற்று. வரிசைகள் ஒவ்வொன்றாகப் போய், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற அடுக்குமாடிகள் வந்தன. எல்லாமே ஒரே மாதிரிதான் போயின. முதலில் ஓர் அதிகாரி வந்து, கட்டடம் ஆபத்து என்று ஒரு காகிதம் ஒட்டுவார். "ஆறே மாசம், பழுது பார்த்துட்டுச் சாவியைக் கையில குடுத்துடுவோம்" என்பார்கள். ஒன்பதாம் வரிசைக்காரர்கள் அப்படி இறங்கி எட்டு வருடம் ஆகிறது. இன்னமும் நகரத்தின் கடைக்கோடியில் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், தான் பிறந்த அதே இடத்தில் இப்போது வாசல் காவலாளி. உள்ளே போக அவருக்கே சீட்டு வேண்டும்.

மிச்சம் பதினோராம் வரிசை மட்டும். அதை ஒட்டிய மாதிரி, பத்தாம் வரிசை இருந்த இடத்தில், பெரிய பள்ளம். வண்டி நிறுத்தும் தளத்துக்காகத் தோண்டுகிறார்கள். பகல் முழுக்க அங்கே இயந்திரம் மண்ணைக் கடித்துக்கொண்டிருக்கும்; இங்கே அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும்.

ஆக, உடைந்த கண்ணாடிக்கு முன்னால் ஊசியக்கா நின்றபோது அவளுக்கு இரண்டு பயம். சொல்லாவிட்டால் சுவர் தலையில் விழலாம். சொன்னால் வீடே போய்விடும். விழலாம் என்பது ஒருவேளை. போய்விடும் என்பது நிச்சயம். இருதலைக் கொள்ளி எறும்பு எந்தப் பக்கம் ஓடும்? சூடு குறைவாகத் தெரிகிற பக்கம்தான் ஓடும்.

ஆஸ்பத்திரியில் அவள் கறார்க்காரி. குழாயில் தேதி ஓர் எழுத்து மங்கியிருந்தாலும் திரும்ப ரத்தம் எடுப்பாள். போன வருடம், ஒரு பெரிய மனிதரின் சர்க்கரை அளவைக் கொஞ்சம் குறைத்து எழுதச் சொன்ன உதவியாளரை, "நான் குறைச்சு எழுதினா அவருக்குக் குறைஞ்சிடுமா?" என்று கேட்டு விரட்டியவள். அதே அவள்தான் அன்று மதியம் எலும்புப் பிரிவிலிருந்து ஒரு கைப்பிடி மாவுக்கட்டு மாவைக் காகிதத்தில் பொதிந்துகொண்டாள். மாலையில் தெருமுனைச் சட்டக் கடைக்குப் போய், நூலால் அளந்த நீளத்தைக் காட்டி, "லேப்ல ஒரு வேலைக்கு" என்று ஒரு சில்லு வெட்டி வாங்கினாள். போட்டோக்களுக்குச் சட்டம் போடும் அந்த மனிதர் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் யாரும் இல்லாத அரை மணி நேரத்தில் பழையதைப் பெயர்த்து, புதியதை ஒட்டி, பொறியாளரின் கையெழுத்தில் ஏழும் தேதியும் எழுதினாள். பதினாறு வருடமாக மருத்துவர்களின் கோழிக் கிறுக்கலைப் படித்த கைக்கு அது ஒரு வேலையே இல்லை. உடைந்த துண்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தாள். ஏன் எறியவில்லை என்று அவளுக்கே தெரியாது.

கணவனிடம் சொல்லவில்லை. அவர் லிப்ட் மெக்கானிக். நான்காம் வரிசை இருந்த இடத்து அடுக்குமாடியில் வேலை. அதிகம் பேசாத மனிதர். மாமனாரிடம் சொல்லவும் வழியில்லை. தறிச் சத்தம் அவர் காதுகளை எப்போதோ தின்றுவிட்டது. வாடகைப் புத்தகம் அவர் பெயரில்தான் இருந்தது. அதைப் பனியனுக்குள் வைத்துக்கொண்டுதான் தூங்குவார்.

அந்த வாரமே பொறியாளர் வந்தார். மடியில் கனமிருந்தால் வழியில் பயம். அவர் ஏழாம் எண்ணின் முன் குனிந்தபோது, அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று பயந்தாள். அதற்கும் அடியில், கண்டுபிடித்துவிட்டால் நல்லது என்றும் ஒரு மூலை கெஞ்சியது. அவர் டார்ச் அடித்துப் பார்த்து, நோட்டில் ஒரு சரி போட்டார்.

மாடி முழுக்க ஏறி இறங்கிவிட்டு, "பதினாலும் முழுசா இருக்குங்க" என்றார், உண்மையான சந்தோஷத்தோடு. "பக்கத்துல அவ்வளவு ஆழம் தோண்டுறாங்க, ஒண்ணு கூட உடையலை. அந்தக் காலத்துக் கட்டடம்னா கட்டடம்தான். இந்த ரிப்போர்ட் போச்சுன்னா, அவங்க இன்னொரு தளம் கீழே இறங்க அனுமதி கிடைச்சிடும். நானும் இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்."

'இன்னொரு தளம் கீழே' என்றதும் அவளுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. பிறகு அந்தப் பதினான்கைப் பிடித்துக்கொண்டாள். என்னுடையது ஒன்றுதான் உடைந்தது, மிச்சம் பதின்மூன்று நன்றாக இருக்கிறதே. கட்டடம் நகர்ந்தால் எல்லாம் அல்லவா உடைய வேண்டும்? என் சுவரில் ஏதோ ஈரம், ஏதோ பழைய பூச்சு. பதின்மூன்று பேர் சாட்சி சொல்லும்போது ஒருத்தி சொல்வதா பெரிது? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது என்று எல்லாருக்கும் தெரியும். பூனையிடம் யார் போய்ச் சொல்வது?

இரண்டாவது கண்ணாடி பதினாறு நாள் தாங்கியது. மூன்றாவது ஒன்பது நாள். நான்காவது நான்கே நாள்.

இதற்கிடையில் கதவு சாத்த மறுத்தது. கணவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இழைப்புளி கொண்டுவந்து கதவின் மேல்விளிம்பைச் சீவினார்.

"மழைக்கு மரம் ஊதியிருக்கு" என்றார்.

மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் சீவல்களைக் கூட்டி அள்ளினாள். அடுத்த வாரம் மறுபடியும் சீவினார். மகள் தரையில் உருட்டிய பென்சில், யாரும் தொடாமலே பள்ளத்துப் பக்கச் சுவர் வரை போய் முட்டி நின்றது. பிள்ளைக்கு அது விளையாட்டாகிவிட்டது. "அம்மா பாரு, தானாப் போவுது" என்று திரும்பத் திரும்ப உருட்டினாள். ஊசியக்கா அந்தப் பென்சிலைப் பிடுங்கி அலமாரிமேல் வைத்தாள்.

மாமனாரும் ஒரு கூத்து பண்ணினார். ஏழாம் எண் சுவரோரம் பேத்திதான் படுப்பாள். ஒருநாள் அவர் தன் கட்டிலை இழுத்துக்கொண்டு வந்து அங்கே போட்டார். "எனக்கு இங்கதான் காத்து வருது, பிள்ளையை வாசப்பக்கம் படுக்க வை" என்று, காது கேளாதவர்கள் பேசுகிற பெரிய குரலில் அடம்பிடித்தார். அந்தச் சுவரில் ஜன்னலே கிடையாது. வயசாகிவிட்டால் பிள்ளை மாதிரிதான் என்று சலித்துக்கொண்டே பாயை மாற்றிப் போட்டாள். உள்ளுக்குள் நிம்மதியாகவும் இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

ஐந்தாவது கண்ணாடி பன்னிரண்டு நாள் அசையவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது. சுவர் அடங்கிவிட்டது என்று நினைத்தாள். ஆஸ்பத்திரியில் பாட்டுக்கூட முணுமுணுத்தாள். கையெழுத்தைப் பார்த்தே எழுதின ஆளைச் சொல்கிறவள், அந்தப் பன்னிரண்டு நாளும் கண்ணாடி முழுசாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள், எழுத்தைப் பார்க்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் காலை அது உடைந்திருந்தது. கணவனும் அவளும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடித்தார்கள். அவர் வேலைக்குப் போனார். அவளும் போனாள்.

அன்று அனுமதி வாங்கிக்கொண்டு மதியம் மூன்றரைக்கே ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி நேராகச் சட்டக் கடைக்கு வந்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு கட்டை எடுத்து வைத்தார். நூல் சுற்றிய சில்லுகள், எல்லாம் ஒரே அளவு.

"உங்க கட்டடத்து அளவுன்னு தனியா வெட்டியே வச்சுட்டேன்மா" என்றார். "ஒவ்வொருத்தரா வந்து கேக்கக் கேக்க வெட்டுறது கஷ்டமா இருக்கு."

"ஒவ்வொருத்தரான்னா?"

"தையல்காரர், மூணாவது மாடி டீச்சரம்மா, மோட்டார்காரர்... அவர் ஒரே தடவையில ஆறு வாங்கிட்டுப் போவாரு. ஒருத்தர் மீன் தொட்டிங்கிறாரு, ஒருத்தர் பிள்ளைக்கு ஸ்கூல் வேலைங்கிறாரு. நான் எதுக்குன்னு கேக்குறதில்லை." அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி அவளைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர்கூட நேத்துதான் ரெண்டு வாங்கினாரு. இந்த மாசத்துல அவருக்கு இது மூணாவது தடவை. வீட்ல சொல்லலையா?"

பன்னிரண்டு நாள் அசையாமல் இருந்த கண்ணாடி. அது ஒரு கண்ணாடியே இல்லை. ஒன்று மாற்றி ஒன்று மாற்றி அவர் ஒட்டியிருக்கிறார். லிப்டின் தண்டவாளத்தைத் தூக்குக்குண்டு விட்டு நேர் பார்க்கிற மனிதருக்கு, கதவு ஏன் சாத்தவில்லை என்று தெரியாமலா இருந்திருக்கும்? அவளுடைய பதின்மூன்று சாட்சிகள் எங்கே? பதின்மூன்றும் பொய். ஒவ்வொருவரும் மற்றவர்களின் முழுக் கண்ணாடியைப் பார்த்து, நம்முடையது ஒன்றுதானே என்று தைரியமாகத் தூங்கியிருக்கிறார்கள், அவளைப் போலவே. அந்தப் பொய்யை நம்பித்தான் பக்கத்தில் இன்னொரு தளம் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மணி நாலாகப் போகிறது. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருப்பாள்.

அவள் ஓடினாள். அந்தத் தெருவில் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஓடும்போதே பொறியாளருக்குப் போன் போட்டாள். "எல்லாம் உடைஞ்சிடுச்சு சார். பதினாலும். ரொம்ப நாளா" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

மகள் முற்றத்தில் நின்று எதையோ தின்றுகொண்டிருந்தாள். அவளை ரோட்டின் எதிர்ப்பக்கம் சட்டக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, "இங்கிருந்து ஒரு அடி எடுத்து வச்சே, தோலை உரிச்சிடுவேன்" என்றாள். பிள்ளை அழத் தொடங்கியது. திரும்பி ஓடிப்போய் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு, படிக்கட்டின் நடுவில் நின்று கத்தினாள்.

"எல்லாரும் இறங்குங்க. கட்டடம் விழப்போகுது."

கதவுகள் திறந்தன. தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார். "என்னம்மா இது, ஊரைக் கூட்டிக்கிட்டு? என் கண்ணாடி நல்லாத்தானே இருக்கு?"

"என்னுதும்தான் நல்லா இருந்துது" என்று சொல்லி, டப்பாவைப் படியில் கவிழ்த்தாள். துண்டுகள் சிதறின. "இது என்னோடது. எங்க வீட்டுக்காரரோடது எங்க வச்சிருக்காரோ தெரியாது. உங்களோடதைக் கொண்டாங்க."

பள்ளத்தில் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மூன்றாம் மாடி டீச்சர் ஒரு செய்தித்தாள் பொட்டலத்தோடு இறங்கி வந்து, அதைப் பிரிக்காமலே துண்டுகளின் பக்கத்தில் வைத்தார். "எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன்" என்றார், வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளையின் குரலில். தையல்காரர் உள்ளே போய், பொத்தான் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். கடைசியாக மோட்டார் அண்ணன் வந்தார். பள்ளத்தை ஒட்டிய வீடு அவருடையது. கையில் செருப்புப் பெட்டி, நிறைய. அதை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

எல்லாத் துண்டிலும் ஒரே தேதி, கிட்டத்தட்ட ஒரே கையெழுத்து. அதைப் பார்த்தபோது வந்த பயம்தான் உண்மையான பயம். அதற்கப்புறம் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழந்தைகளையும் காகிதங்களையும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தையல்காரர் மட்டும் மெஷினைப் பிடித்து இழுத்துப் பார்த்து, மனைவி போட்ட போடில் விட்டுவிட்டு ஓடினார்.

மாமனார் இறங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தார். அவள் சைகை காட்டினாள், இழுத்தாள், காலைப் பிடித்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"நான் இறங்கினா நாம திரும்ப ஏற முடியாது" என்று கத்தினார். "என் பேர்ல இருக்கு. நான் உள்ள இருக்கிற வரைக்கும்தான் வீடு."

அவள் அவருடைய வலது கையைத் தன் கையால் மூடி, அந்தச் சுவரில் வைத்தாள். சுவருக்குள் ஏதோ மெல்ல அரைபடுவது அவளுக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாதா? முப்பது வருடம் தறிக்கூடத்தில் எந்தத் தறி கோளாறு என்பதைப் பாதத்தால் கண்டுபிடித்தவர்.

"தெரியும்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "ரெண்டு மாசமாத் தெரியும். அதான பிள்ளையை அந்தப் பக்கம் படுக்கப் போட்டேன்."

ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. அவள் எந்த முகத்தோடு கேட்பாள்? அவர் விரல்களைச் சட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ரத்தம் எடுக்க எத்தனையோ தடவை பிடித்த கை. எந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று தெரிந்த கை. ஐந்தாவது விரலைப் பிரித்தபோது அவர் எதிர்ப்பதை நிறுத்திவிட்டார். அவளும் மோட்டார் அண்ணனுமாக நாற்காலியில் வைத்து இறக்கினார்கள்.

எதிர்ப்பக்க நடைபாதையில் பதினோராம் வரிசை முழுவதும் நின்றது. கட்டடமோ ஒன்றும் தெரியாத சாது மாதிரி நின்றது. ஜன்னல் ஒன்றில் துணி காய்ந்தது. பொறியாளர் வந்து, பைக்கை நிறுத்தக்கூட மறந்து கீழே போட்டார். யாரோ படிக்கட்டிலிருந்து எடுத்து வந்திருந்த செருப்புப் பெட்டியைத் திறந்து, தன் கையெழுத்தையே திரும்பத் திரும்பப் படித்தார். முகத்தில் ரத்தமே இல்லை. ஊசி பிடிக்கிறவள் என்பதால் ஊசியக்காவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவர் பள்ளத்துக்காரர்களை நோக்கிக் கையை வீசிக்கொண்டு ஓடினார். இயந்திரம் நின்றது.

அந்த அமைதியில்தான் மகள் கேட்டாள். "அம்மா, அப்பா எதுக்கு மேல இருக்காரு?"

இரண்டாம் மாடி ஜன்னலில் அவர் முதுகு தெரிந்தது. எப்போதும் போலப் பின்படிக்கட்டு வழியாக, வேலைக்கு நடுவில், யாருக்கும் தெரியாமல் வந்திருக்கிறார். அவள் வீடு திரும்புவதற்குள் கண்ணாடியை மாற்ற. காலையில் அவரும்தானே அந்தச் சுவரைப் பார்க்காமல் டீ குடித்தார்.

அவள் ரோட்டைக் கடக்கப் போனபோது தையல்காரர் இடுப்போடு பிடித்து நிறுத்தினார். "என்னங்க" என்று அவள் கத்திய கத்தில் அவர் ஜன்னலுக்கு வந்தார். கீழே நின்ற கூட்டத்தையும், நாற்காலியில் இருந்த அப்பாவையும் பார்த்தார். அவர் வலது கை முழுக்க வெள்ளை மாவு.

"இறங்குங்க. எல்லாம் தெரிஞ்சு போச்சு. விட்டுட்டு இறங்குங்க."

அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒட்டவே முடியலை" என்றார், ஏதோ மன்னிப்புக் கேட்பது போல. "ஒட்டின கையை எடுக்கல. அதுக்குள்ள உடைஞ்சிடுச்சு. ரெண்டும்."

பிறகு ஜன்னலில் ஆளில்லை. முன்படிக்கட்டில் மொத்தம் முப்பத்தெட்டுப் படி. இருபது வருடமாக ஏறி இறங்கிய அவள் காலுக்கு அந்தக் கணக்குத் தெரியும். வாயால் எண்ணினாள். முப்பது வரை எண்ணியும் அவர் வாசலில் வரவில்லை. முப்பத்தெட்டு ஆயிற்று. நாற்பத்தைந்து ஆயிற்று. மகள் அவள் சேலையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டியபோது அவர் வாசலில் தெரிந்தார். தையல்காரரின் மெஷின் தலையைக் கழற்றித் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அவளுக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடித்தாள், நெஞ்சில், இரண்டு கையாலும். அவர் வாங்கிக்கொண்டார்.

பொறியாளர் திரும்பி வந்து நோட்டைப் பிரித்தார். யாரையும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "ஏழாம் நம்பர். முதல்ல எப்ப உடைஞ்சுது?" என்றார். அவள் உண்மையான தேதியைச் சொன்னாள். அவர் எழுதினார். அவளுக்குப் பின்னால் டீச்சர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் தையல்காரர், அப்புறம் மோட்டார் அண்ணன். தண்ணீருக்கு நிற்கிற அதே வரிசையில், ஒவ்வொருவராகத் தங்கள் தேதியைச் சொல்ல நின்றார்கள்.

மாமனார்தான் முதலில் உணர்ந்தார். நாற்காலியில் இருந்தபடி இரண்டு பாதத்தையும் தரையிலிருந்து தூக்கினார். மருமகள் அதைப் பார்த்த அதே நொடியில், பள்ளத்துப் பக்கம் இருந்த பாதிக் கட்டடம், அவசரமே இல்லாமல், மேலிருந்து கீழாக இறங்கியது. சத்தம் அப்புறம்தான் வந்தது. அதற்கப்புறம் தூசி. எவ்வளவு நேரம் என்று தெரியாது, பக்கத்தில் நிற்பவர் யார் என்றே யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். எல்லாப் பிள்ளைகளும் பதில் சொன்னார்கள்.

தூசி அடங்கியபோது இரண்டாம் மாடியில் அவர்கள் வீடு பாதியாகத் தொங்கியது. ஏழாம் எண் சுவர் இல்லை. கட்டில் இல்லை. உள்ளே சுவரில் காலண்டர் தெரிந்தது, அலமாரியில் பென்சில் வைத்த இடம் தெரிந்தது. கணவன் இரண்டு தடவை சீவிய கதவு அகலத் திறந்து கிடந்தது.

மாமனார் பனியனுக்குள்ளிருந்து வாடகைப் புத்தகத்தை எடுத்து, தூசியைத் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு மேலேயே பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, தெரு முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டார்.

"கதவைப் பூட்டினியா?"

சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. பூட்டிவிட்டேன் என்று தலையாட்டுவது சுலபம். அவள் அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்துக்கு நேராகப் பார்த்து, இல்லை என்று தலையை அசைத்தாள்.